ஓசையின் பொருள்

நுழையும்முன்

எந்தத் தொழிலும் கைகளால் மட்டும் நடைபெறுவதில்லை. கண் பார்த்ததைக் காது திருத்துகிறது. காது கேட்டதை அளவுகோல் திருத்துகிறது. பழைய லாரி எந்திரம் ஒன்றில் எழுந்த ஓசையின் காரணத்தைத் தேடிச் செல்லும் இக்கட்டுரை, கேட்டல், அளத்தல், காரணம் காணல் ஆகிய மூன்றும் எவ்வாறு ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன என்பதை எடுத்துரைக்கிறது.

உடலின் ஓசையைக் கேட்டு நோயறியும் கருவியை 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகர மருத்துவர் ரெனே லேனெக் உருவாக்கினார். நோயாளியின் மார்புக்கும் தம் காதுக்கும் இடையே அவர் முதன்முதலில் வைத்தது சுருட்டிய காகிதக் குழல் ஒன்றே. நாமக்கல் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில், ஓடிக்கொண்டிருக்கும் லாரி எந்திரத்தின்மீது நீண்ட திருப்புளியின் முனையை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோடு சேர்த்துவைத்துக் கேட்கும் மேஸ்திரிகளும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். மருத்துவருக்கும் மேஸ்திரிக்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு: உள்ளே நடப்பதைத் திறந்து பார்க்காமல் அறிவது எப்படி?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலால் வளர்ந்தவை. இவ்வூர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய வண்டிகளுக்கு இரண்டு மரபுகள் உண்டு. டாடா குழுமத்தின் டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு இணைந்து லாரிகளை உருவாக்கத் தொடங்கியது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றி, சென்னையை அடுத்த எண்ணூரில் வளர்ந்த நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இம்மரபுகளில் வந்த பழைய ஆறு சிலிண்டர் டீசல் எந்திரங்கள் இன்றும் சில பட்டறைகளுக்கு வருகின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் மிகுதியாகச் சொல்லும் குறைகளுள் ஒன்று, 'டேப்பட் சத்தம்' என்பதாகும்.

கதவுகளும் காவலும்

எந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்றன் வழியே காற்று உள்ளே வருகிறது. மற்றொன்றன் வழியே எரிந்த புகை வெளியே செல்கிறது. இவ்வாயில்களைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். காற்றை உள்ளே விடுவது இன்லெட் வால்வு. புகையை வெளியே விடுவது எக்ஸாஸ்ட் வால்வு. ஆறு சிலிண்டர் எந்திரத்தில் இவ்வாறு பன்னிரண்டு வால்வுகள் அமைந்துள்ளன.

இவற்றைத் திறக்கும் ஆணை எந்திரத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து பிறக்கிறது. அங்கே சுழலும் கேம் ஷாஃப்ட் என்னும் தண்டில் முட்டை வடிவப் புடைப்புகள் உள்ளன. புடைப்பு மேலெழும்போது, அதன்மீது அமர்ந்திருக்கும் டேப்பட் என்னும் சிறு உருளை உயர்கிறது. டேப்பட், புஷ் ராடு என்னும் நீண்ட கம்பியை மேலே தள்ளுகிறது. அக்கம்பி ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, கிணற்றில் நீர் இறைக்கும் துலாவைப் போல அதன் மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. புடைப்பு விலகியதும் ஸ்பிரிங் வால்வை மேலே இழுத்து மூடிவிடுகிறது.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். ஆகவே, நிமிடத்துக்கு 600 சுற்றுகள் என எந்திரம் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 300 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை, திறந்து மூடுகிறது. டேப்பட்டின் 'டிக் டிக்' ஓசை இந்தத் தாளத்திலேயே எழும். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்தால் எழும் ஓசையோ கனமானது. கிராங்க் சுழற்சியின் வேகத்தைப் பின்பற்றுவது. பழகிய காது தாளத்தைக் கொண்டே ஓசையின் பிறப்பிடத்தைப் பிரித்தறிகிறது.

மயிரிழை அளவு

ராக்கரின் முனைக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி ஒன்று வேண்டும். எஃகு சூடேறினால் நீளும் என்பதே இதன் காரணம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் நீளும். எந்திரத்தின் மற்ற பகுதிகளும் உடன் நீள்வதால் இந்நீட்சி முழுவதும் இடைவெளியைக் குறைத்துவிடாது. எனினும், நீள்வதற்கு இடமே இல்லையெனில் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமர இயலாது.

ஒவ்வோர் எந்திரத்துக்கும் உரிய இடைவெளியை அதன் கையேடு வரையறுக்கிறது. எந்திரம் குளிர்ந்த நிலையில் இன்லெட் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் என்பது சில டீசல் எந்திரங்களுக்கு உரிய அளவு. எக்ஸாஸ்ட் வால்வு மிகுந்த வெப்பத்தைத் தாங்குவதால் அதற்குக் கூடுதல் இடம் வேண்டியிருக்கிறது. இவ்வளவு சிறிய இடைவெளியை அளக்க உதவுவது ஃபீலர் கேஜ். வெவ்வேறு தடிமனுள்ள எஃகுத் தகடுகளை ஓலைச்சுவடி போல ஒருமுனையில் கோத்த கருவி அது. உரிய தகடு இடைவெளியில் நுழைந்து, இழுக்கும்போது விரலில் இலேசான பிடிப்பை உணர்த்தினால் அளவு சரி.

இடைவெளி மிகுந்தால் ராக்கர் வால்வுத் தலையைச் சுத்தியல் போலத் தட்டும், ஓசை எழும். இடைவெளி குறைந்தால் ஓசை குறையும். இடைவெளியே இல்லையென்றால் ஓசையும் இல்லை. ஆனால் அப்போது வால்வு முழுமையாக மூடுவதில்லை. வால்வு தான் ஏற்ற வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் தன் இருக்கையின் வழியாகவே வெளியேற்றுகிறது. இருக்கையில் அமராத வால்வு வெப்பத்தை இறக்கிவைக்க இடமின்றித் தவிக்கும். மெல்லிய பிளவின் வழியே பீறிடும் நெருப்புக் காற்று அதன் விளிம்பை அரித்து எரித்துவிடும்.

எண்ணெய் செய்யும் வேலை

இந்த இடைவெளியை எண்ணெயின் துணையால் நிரப்பும் முறையும் உண்டு. அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 1930இல் தன் பதினாறு சிலிண்டர் மகிழுந்தில் இம்முறையைப் பயன்படுத்தியது. பின்னாளில் அந்நாட்டுப் பெட்ரோல் லாரிகள் பலவற்றிலும் ஹைட்ராலிக் லிஃப்டர் என்னும் பெயரில் அது இடம்பெற்றது. லிஃப்டரின் உள்ளே சிறு பிஸ்டனும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் பிஸ்டனை உயர்த்தி இடைவெளியை அகற்றுகிறது. அடியில் எண்ணெய் வந்து நிறைகிறது. கேம் மேலெழும்போது சிறு குண்டு ஒன்று எண்ணெய் வந்த வழியை அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட எண்ணெய் அமுங்காது. ஆகவே லிஃப்டர் திண்ணிய உலோகத்தைப் போல வால்வைத் திறக்கிறது.

இந்த லிஃப்டரும் ஓசை எழுப்புவதுண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கினால், வடிந்துபோன எண்ணெய் மீண்டும் நிறையும் வரை சில நொடிகள் தட்டும், அதனால் தீங்கில்லை. ஓசை தொடர்ந்தால் காரணங்கள் பல. எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம். அளவுக்கு மிஞ்சி ஊற்றியதால் சுழலும் பகுதிகள் அதைக் கடைந்து நுரையாக்கியிருக்கலாம். நுரையிலுள்ள காற்று அமுங்கக்கூடியது. பழைய எண்ணெயின் பிசுக்கு குண்டின் அடியில் சிக்கியிருக்கலாம். கேமின் புடைப்பே தேய்ந்திருக்கலாம். இவற்றை ஆராயாமல் தடித்த எண்ணெயை ஊற்றினால் ஓசை சிறிது காலம் அடங்கக்கூடும். தேய்மானம் மட்டும் அடங்காது.

அளவறிந்து சரிசெய்யும் டேப்பட் ஆயினும், தானே சரிசெய்துகொள்ளும் லிஃப்டர் ஆயினும், சோதனை ஒன்றே: ஓசையை நிறுத்துவதா, ஓசையின் காரணத்தை நீக்குவதா?

பட்டறைக்கு வந்த லாரி

ஒரே ஒரு லாரியை வைத்துத் தாமே ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநர் ஒருவர், மாலை நேரத்தில் நாமக்கல் பட்டறை ஒன்றுக்குத் தம் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். மறுநாள் மாலை பெங்களூருக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். வாடகைப் பணம் வந்தால்தான் மாதத் தவணையைக் கட்ட முடியும்.

"அண்ணா, டேப்பட் சத்தம் தாங்க முடியலீங்க. சத்தம் மட்டும் நின்னாப் போதுமுங்க" என்றார் அவர்.

மேஸ்திரி எந்திரத்தை ஓடவிட்டுக் கேட்டார். முதலில் அது டேப்பட் ஓசைதானா என உறுதிசெய்தார். புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தாலும் இதே போன்ற 'டிக் டிக்' எழும், அங்கே கசிவில்லை. பிறகு டீசல் செல்லும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தந்த சிலிண்டரில் எரிதலை நிறுத்திப் பார்த்தார். எரிதலாலோ பேரிங்காலோ வரும் ஓசையாக இருந்திருந்தால் அப்போது மாறியிருக்கும், மாறவில்லை. திருப்புளியைக் காதில் வைத்தபடி மூடியின் நெடுகிலும் நகர்த்தினார். இரண்டாம் சிலிண்டருக்கு மேலே ஓசை தெளிவாகக் கேட்டது. மூடியைக் கழற்றி, மெதுவாக ஓடும் எந்திரத்தில் ஃபீலர் கேஜின் தகட்டை அவ்விடத்து இன்லெட் ராக்கரின் அடியில் நுழைத்தார். ஓசை அடங்கியது. குற்றவாளி அகப்பட்டுவிட்டது போலத் தோன்றியது.

"ஸ்க்ரூவை அரைச் சுத்து இறுக்கினா நின்னுரும்ல அண்ணா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"சத்தத்தை நிறுத்தறது அஞ்சு நிமிச வேலைங்க தம்பி. வண்டி ஓடோணுமில்ல? எஞ்சின் ஆறட்டும். காலையில பன்னெண்டையும் அளந்து பார்த்துச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி.

மறுநாள் விடியற்காலையில், தொழில் பழகும் இளைஞர் எந்திரத்தைக் கையால் சுழற்ற, மேஸ்திரி வரிசையைச் சொன்னார். இவ்வகை எந்திரத்தில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-3-6-2-4 ஆகும். ஆறாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டே வர, இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கும் தருணத்தில், முதல் சிலிண்டரின் இரு வால்வுகளும் முழுமையாக மூடியிருக்கும். அப்போது முதல் சிலிண்டரை அளக்கலாம். அவ்வாறே இரண்டைப் பார்த்து ஐந்தையும், நான்கைப் பார்த்து மூன்றையும், ஒன்றைப் பார்த்து ஆறையும், ஐந்தைப் பார்த்து இரண்டையும், மூன்றைப் பார்த்து நான்கையும் அளக்க வேண்டும்.

ஓசை எழுப்பிய இரண்டாம் சிலிண்டரின் இன்லெட் வால்வை அளந்த இளைஞர் திகைத்தார். 0.20 தகடு உரிய பிடிப்போடு நுழைந்தது. அளவு சரியாக இருக்கும்போது ஓசை எப்படி வரும்? மேஸ்திரி ராக்கரைக் கழற்றி அதன் முனையை வெளிச்சத்தில் காட்டினார். பல ஆண்டுகளாக வால்வுத் தலையில் மோதி மோதி, அங்கே சிறு குழி விழுந்திருந்தது. தட்டையான தகடு குழியின் இரு கரைகளின்மீது பாலம் போலப் படுத்துக்கொண்டது. குழியின் ஆழத்தை அது அளக்கவே இல்லை. உண்மையான இடைவெளி தகடு சொன்னதைவிட மிகுதி. காது சரியாகச் சொன்னது; கருவிதான் ஏமாந்தது.

குழியைக் கண்டதோடு மேஸ்திரி நிற்கவில்லை. மற்ற ராக்கர்களுக்கு இல்லாத தேய்மானம் இதற்கு மட்டும் ஏன் வந்தது? ராக்கருக்கு எண்ணெய் தரும் துளையில் கம்பியை நுழைத்துப் பார்த்தார். கருத்த பிசுக்கு அதை அடைத்திருந்தது. எண்ணெய் கிடைக்காமல் உலர்ந்து உரசியதே குழிக்குக் காரணம். துளையைத் திறக்காமல் ராக்கரை மட்டும் மாற்றியிருந்தால் புதிய ராக்கரும் அதே வழியில் சென்றிருக்கும். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்தைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த ஒழுங்கு, பட்டறைக்கும் பொருந்துகிறது.

பேசாத வால்வு

ஓட்டுநர் நிம்மதியடைந்தார். ராக்கரை மாற்றிவிட்டால் மாலையில் சரக்கு ஏற்றலாம். ஆனால் அளக்க வேண்டிய வால்வுகள் இன்னும் இருந்தன. ஐந்தாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு வந்தபோது 0.30 தகடு நுழையவில்லை. 0.20 நுழையவில்லை. கேஜில் இருந்தவற்றுள் மிக மெல்லிய 0.05 தகடும் நுழையவில்லை. முந்தைய மாலையில் அந்த இடத்திலிருந்து எவ்வித ஓசையும் எழவில்லை. பன்னிரண்டு வால்வுகளுள் மிக அமைதியாக இருந்தது அதுவே.

தேய்மானம் இரு வகைப்படும். ராக்கர் முனையோ, டேப்பட்டோ, கேம் புடைப்போ தேய்ந்தால் இடைவெளி கூடும். ஓசை எழுந்து அதை அறிவிக்கும். வால்வின் முகமும் அது அமரும் இருக்கையும் தேய்ந்தால், வால்வு தன் இருக்கையினுள் மேலும் புதைந்து, அதன் தண்டு ராக்கரை நோக்கி உயரும், இடைவெளி சுருங்கும். அத்தேய்மானம் வளர வளர எந்திரம் முன்னைவிட அமைதியாக ஓடும். முதலாவது கூவி அழைக்கும் நோய். இரண்டாவது மௌனமாக வளரும் நோய்.

மேஸ்திரி ஸ்க்ரூவைத் தளர்த்தி உரிய இடைவெளியை அமைத்தார். பிறகு எந்திரத்தை மெதுவாகச் சுழற்றச் சொல்லி, புகை வெளியேறும் வாயிலில் காதை வைத்தார். மற்ற சிலிண்டர்கள் காற்றை அழுத்தும்போது கைக்குத் தடை தெரிந்தது. ஐந்தாம் சிலிண்டரின் முறை வந்தபோது அத்தடை குறைந்தது. 'உஸ்' என்னும் மெல்லிய மூச்சு கேட்டது. இடைவெளியைத் திருத்திய பின்னும் வால்வு காற்றைக் கசியவிடுகிறது என்பதே அதன் பொருள்.

"தொப்பூர் ஏத்தத்துல வண்டி இழுக்குதுங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி.

ஓட்டுநர் சற்றுநேரம் பேசவில்லை. "ரெண்டு மாசமா இழுக்கறதில்லீங்க. வயசான வண்டிதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அன்றும் மறுநாளும் வண்டி ஓடாது. சரக்கும் வாடகையும் கைவிட்டுப் போகும், தவணை தவறும். கழற்றாமல் ஓட்டினால் வால்வு இன்னும் சில நூறு கிலோமீட்டர் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். எரிந்த வால்வின் துண்டு உடைந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் ஹெட்டும் சேர்ந்து சிதையும். மேஸ்திரி இரண்டையும் சொன்னார். முடிவை ஓட்டுநரிடமே விட்டார். ஓட்டுநர் லாரி புக்கிங் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சரக்கை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

ஹெட்டைக் கழற்றும்போது இளைஞர் புஷ் ராடுகளை ஓர் அட்டையில் துளையிட்டு வரிசை மாறாமல் குத்தி வைத்தார். நெடுங்காலம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்களை இடம் மாற்றினால் புதிய தேய்மானம் தொடங்கும். ஒவ்வொரு கம்பியையும் கண்ணாடிப் பலகைமீது உருட்டி, வளைவு உண்டா எனவும் பார்த்தார். ஐந்தாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு வெளியே வந்தது. வட்டமான அதன் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறி, நகக்கீறல் போன்ற ஒரு தடம் எரிந்திருந்தது. உலோகம் இன்னும் உடையவில்லை. அந்த வால்வை மாற்றி, அதன் இருக்கையைச் சீராகக் கடைந்து, அரைக்கும் பசையிட்டு இரண்டையும் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்த்தார்கள். மற்ற வால்வுகளின் முகங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஹெட்டை உரிய வரிசையில் இறுக்கிய பிறகு பன்னிரண்டு இடைவெளிகளையும் மீண்டும் அமைத்தார்கள். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு சற்று மாறக்கூடும் என்பதால், இறுக்கியபின் ஒவ்வொன்றையும் மறுமுறை அளந்தார்கள்.

எண்களின் குரல்

சரியாக அமைந்த எந்திரம் முற்றிலும் ஓசையற்றதாக இருப்பதில்லை. உரிய இடைவெளியுள்ள பன்னிரண்டு டேப்பட்டுகளும் தையல் எந்திரத்தைப் போல மெல்லிய, சீரான ஒலியை எழுப்பும். எந்த ஒன்றும் தனித்துக் கேட்கக் கூடாது; எந்த ஒன்றும் காணாமற்போகவும் கூடாது. தனித்து ஒலிப்பதைக் காது எளிதில் கண்டுகொள்ளும். காணாமற்போனதைக் கண்டுகொள்ளக் காதால் மட்டும் இயலாது.

அதற்காகவே பொறுப்புள்ள மேஸ்திரிகள் ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியிலேயே வைக்கச் சொல்கிறார்கள். தேதி, வண்டி ஓடிய தொலைவு, திருத்துவதற்கு முன் ஒவ்வொரு வால்விலும் கண்ட இடைவெளி ஆகியவை அதில் எழுதப்படும். திருத்தியபின் எல்லா எண்களும் ஒன்றாகிவிடும். திருத்துவதற்கு முந்தைய எண்களே வரலாற்றைச் சொல்லும். 0.30 என அமைத்த ஓர் எக்ஸாஸ்ட் வால்வு அடுத்த சோதனையில் 0.24 எனவும், அதற்கடுத்த சோதனையில் 0.17 எனவும் இருந்தால், எந்த ஓசையும் எழாமலே அது தன் நிலையை அறிவித்துவிடுகிறது. ஹெட்டைக் கழற்றுவதற்கு உரிய நாளை ஓட்டுநர் தாமே தேர்ந்துகொள்ளலாம். சரக்கு இல்லாத ஒரு நாளாக, தவணை கட்டி முடித்த ஒரு வாரமாக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓசையைக் கேட்டுப் பொருளின் தரத்தையோ குறையையோ அறியும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் எதை, எவ்வாறு கேட்கிறார் என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'காது சரியாகச் சொன்னது; கருவிதான் ஏமாந்தது' – இத்தொடர் கட்டுரையில் இடம்பெறும் சூழலை விளக்குக. கருவி சரியாகச் சொல்லி, காது ஏமாந்த இடம் எது?

3. சரக்கை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட ஓட்டுநர் எடுத்த முடிவு குறித்து வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

4. உங்கள் வீட்டிலுள்ள மிதிவண்டி, தையல் எந்திரம், நீரேற்றி ஆகியவற்றுள் ஒன்றுக்குப் பராமரிப்புக் குறிப்பேடு ஒன்றை உருவாக்குக.